சுரக்குடியில் மேய்ந்த கன்டெய்னர்கள்

அத்தியாயம் 6

கன்டெய்னர் என்பது நாற்பதடி நீள இரும்புப் பெட்டி. அதற்குக் கால் கிடையாது, பசி கிடையாது, எந்தப் பக்கம் போவதென்ற யோசனையும் கிடையாது. அன்று காலை வரை கபீர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

"நிக்கிதுக்கா," என்றாள் கம்பெனியில் பெட்டிகளுக்கு நம்பர் போடும் தமிழரசி, கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பதினேழும் ஒரே இடத்துல நிக்கிது. இல்ல இல்ல, நவுருது. ஒண்ணு பின்னால ஒண்ணா வரிசையா போவுது."

"எவ்வளவு வேகத்துல?" வெண்மதி கேட்டாள்.

"நடந்து போற வேகம்தான்க்கா."

"டீசல் விக்கிற விலைக்கு அதுங்களும் நடக்க ஆரம்பிச்சிட்டு போல," என்றான் கபீர்.

யாரும் சிரிக்கவில்லை. காரைக்கால் நாகூர் சாலையில் இருந்த வங்கக்கடல் லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியின் மாடி அறையில் மூன்று நாட்களாக யாரும் சிரித்ததில்லை. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சட்டைகளைச் சுமந்த பதினேழு கன்டெய்னர்கள் கீழே இருந்த யார்டிலிருந்து காணாமல் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் பொருத்தப்பட்ட கறுப்புப் பெட்டி மட்டும் வானத்துச் செயற்கைக்கோளுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அது காட்டிய இடம் சுரக்குடி. போலீஸ் போய்ப் பார்த்தால் அங்கே சம்பா அறுத்த வெறும் வயல்தான் இருந்தது.

கம்பெனியின் சரக்கு வலைப்பின்னலை வடிவமைத்தவர் குணசேகரன். சுவர் முழுக்க அடைத்திருந்த உலக வரைபடத்துக்கு முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். வரைபடத்தில் ஊருக்கு ஓர் ஊசி. ஊசிக்கு ஊசி சிவப்பு நூல். பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம்: நான்கு மாதமாக ஒரு பெட்டிகூடத் தாமதமாகக் கிளம்பாததற்காகத் தலைமையகம் கொடுத்தது.

"சப்ளை செயின்ங்கிறது ரத்த ஓட்டம் மாதிரி மேடம்," என்றார் குணசேகரன். "எந்தச் சரக்கும் நடு மையத்தைத் தொட்டுட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போகணும். குறுக்கு வழியே கூடாது. அதுதான் என் டிசைன்."

"இங்கேருந்து நாகூருக்கு ஒரு பெட்டி போகணும்னா?"

"மெட்ராஸ் மையத்தைத் தொட்டுட்டுத்தான் போகும்."

"நல்லவேளை சார், நாகூர் தர்கா கந்தூரிக்கு நாங்க உங்களைக் கேக்காம போயிட்டு வந்துட்டோம்," என்றான் கபீர்.

வெண்மதி அவன் காலை மிதித்தாள். காரைக்காலில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியவள் அவள் ஒருத்திதான். இதுவரை அவள் தேடிப் பிடித்தவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு முதல்நாள் ஓடிப்போன மாப்பிள்ளைகள். கபீர் சிடி வாடகைக் கடையை மூடிவிட்டு அவளிடம் சேர்ந்தவன். சம்பளம் ஒழுங்காக வராது, பேச்சு மட்டும் தங்கு தடையில்லாமல் வரும்.

பழி விழுந்திருப்பது லாரி டிரைவர் அருள்ராஜ் மேல். யார்டு சாவி அவரிடம் இருந்ததாகக் குணசேகரன் எழுதிக் கொடுத்திருந்தார். திருவேட்டக்குடிக்காரர், அண்ணன் தம்பிகள் எல்லாரும் கடலுக்குப் போக, அலை ஒத்துக்கொள்ளாமல் ஸ்டியரிங் பிடித்தவர். காலையில் ஸ்டேஷனில் பார்த்தபோது கம்பிக்குப் பின்னாலிருந்து அவர் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நான் எதையும் எடுக்கலம்மா. பெட்டி தானா திரும்பி வரும். எப்பவும் வரும்."

இன்ஸ்பெக்டர் தங்கப்பன் இதைக் குற்ற ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டார். "திருடினவனே திரும்பி வரும்னு சொல்றான் பாருங்க, என்ன நெஞ்சழுத்தம்!" சாயங்காலம் அருள்ராஜைக் கோர்ட்டில் ஆஜர்படுத்திவிடுவார். அதே சாயங்காலம் சிங்கப்பூர் தலைமையகத்திலிருந்து காதர் பாட்சா என்ற பெரியவரும் நேரில் வருகிறார்.

"தமிழரசி, நீ திரையைப் பார்த்துக்கிட்டே இரு. நான் போன் பண்றேன்," என்று வெண்மதி ஸ்கூட்டியின் சாவியை எடுத்தாள்.

சுரக்குடியில் திருவிழாக் கூட்டம். வயலின் நடுவே ஒரு ஜேசிபி எந்திரம் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே தோண்டிய மூன்று பள்ளங்களில் ஊற்று கிளம்பித் தண்ணீர் நின்றது. வரப்பில் குடை பிடித்தபடி இன்ஸ்பெக்டர் தங்கப்பன். அவரைச் சுற்றி, பிரெஞ்சுக் காலத்துச் சிவப்புத் தொப்பி போட்ட கான்ஸ்டபிள்கள்.

"என்ன சார், போர்வெல்லா?" என்றான் கபீர்.

"சுரங்கம்யா!" இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "பிரெஞ்சுக்காரன் காலத்துல காரைக்கால்லேந்து இங்க வரைக்கும் சுரங்கம் வெட்டியிருக்கான். பெட்டியெல்லாம் பூமிக்கு அடியில ஓடுது. ஊர்ப் பேரையே பாரு. சுரங்கக்குடிதான் தேஞ்சு சுரக்குடி ஆயிட்டு."

"சுரைக்காய்க்குடியா இருந்தா என்ன சார் பண்ணுவீங்க?"

"அது கெடக்கட்டும்யா, நான் தோண்டுறது திருட்டுப் பயலுவளுக்கு எப்படித் தெரியுது? நான் கிழக்க தோண்டினா மேற்க ஓடுதுங்க. மேற்க தோண்டினா தெக்க ஓடுதுங்க. எனக்கு முன்னால தகவல் போயிடுது!"

அதைக் கேட்டதும் வெண்மதியின் முகம் மாறியது. அவள் தமிழரசிக்குப் போன் போட்டாள். கபீரும் கேட்கும்படி ஸ்பீக்கரைத் திறந்தாள்.

"இப்ப எங்கேம்மா இருக்கு?"

"நீங்க நிக்கிற வயலுக்குப் பக்கத்துல ஒரு குளம் இருக்குல்ல, அதுக்குத் தெக்கால கரையில நிக்கிதுக்கா. அரை மணி நேரமா தண்ணிக்குள்ள இருந்துச்சு. இப்பத்தான் கரையேறுச்சு."

"கன்டெய்னர் குளிச்சிட்டுக் கரையேறுது," என்றான் கபீர். "துண்டு எடுத்துட்டுப் போயிருக்கான்னு கேளுங்கக்கா."

"சார், அந்த ஜேசிபியை ஒரு தடவை நல்லா ஹாரன் அடிக்கச் சொல்லுங்க," என்றாள் வெண்மதி.

இன்ஸ்பெக்டர் விசித்திரமாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். ஹாரன் ஊரையே தூக்கிப் போட்டது. போனில் தமிழரசி வீறிட்டாள்.

"அக்கா! பதினேழும் பதினேழு பக்கமா சிதறி ஓடுதுக்கா! ஒண்ணு மறுபடி தண்ணிக்குள்ளேயே விழுந்துட்டு!"

வெண்மதி போனை மூடினாள். "கபீர், சத்தம் கேட்டா சிதறும். தண்ணியைக் கண்டா இறங்கும். வரிசையா நடக்கும். பொழுது சாய்ஞ்சா ஒரே இடத்துல ஒடுங்கும். அது என்ன?"

"எங்க மாமா, மாமியார் வூட்டுக்குப் போறப்ப..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். குளத்துக்குத் தெற்கே, கருவேலம் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒன்றல்ல, ஆயிரம் தொண்டையிலிருந்து.

புதருக்குப் பின்னால் வயல் வெள்ளையும் பழுப்புமாய் அலையடித்தது. அத்தனையும் வாத்து. நடுவே, நீளக் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். அவர் பெயர் கருப்பையன். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பது அவர் தொழில். மூன்று நாளாக ஊரே அவரையும் அவர் வாத்துகளையும் தாண்டித்தான் போய்வந்தது. வாத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

கபீர் குனிந்து ஒரு வாத்தைத் தூக்கினான். அதன் முதுகில், சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சைக்கிள் ட்யூபைக் கிழித்துப் பாந்தமாகக் கட்டியிருந்தது.

"அல்லாவே! அக்கா, இந்தாங்க நாற்பதடி கன்டெய்னர்," என்றான். "முட்டைகூட போடும்."

கருப்பையன் எழுந்து வந்து வெண்மதியின் காலில் விழப்போனார். அவள் பதறிப் பின்வாங்கினாள்.

"புதைச்சிடாதீங்கம்மா," என்றார். கிழிந்த குரல். "எல்லாத்துக்கும் நல்ல உடம்பும்மா. ஒண்ணுக்குக்கூட மூக்குல தண்ணி கெடையாது. வேணும்னா தொட்டுப் பாருங்க."

"யாருங்க புதைக்கிறா?"

அவர் ஜேசிபி பக்கம் கையைக் காட்டினார். "அது யாருக்கு வெட்டுற குழி? எனக்குத் தெரியாதா? வடக்க எங்கயோ பறவைக் காய்ச்சல்னு கோழியையும் வாத்தையும் குழி வெட்டிப் புதைக்கிறதை டீக்கடை டிவியில பாத்தேன். எந்திரம் கிழக்க வந்தா நான் மேற்க ஓட்டிட்டுப் போறேன். மேற்க வந்தா தெக்க. மூணு நாளா எனக்கும் தூக்கமில்ல, இதுங்களுக்கும் தீனியில்ல. எத்தனை நாளைக்கும்மா ஓடுவேன்?"

கபீர் வாத்தை மார்போடு அணைத்துக்கொண்டான். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே மூன்று நாள் துரத்தி விளையாடியிருக்கிறார்கள்: ஒருவர் சுரங்கத்தைத் தேடி, இன்னொருவர் சாவுக்குத் தப்பி.

"யாரும் புதைக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு," என்றாள் வெண்மதி. "இந்தப் பெட்டியை யாரு கட்டினா?"

"ஆஸ்பத்திரி டாக்டருங்க. சுகாதாரத்துலேந்து வர்றேன், இது காய்ச்சல் பாக்குற மிஷினு, கழட்டினா மொத்தக் கூட்டத்தையும் புதைச்சிடுவோம்னாரு."

"ஆளு எப்படி?"

"மூக்குல துணி கட்டியிருந்தாரும்மா. கண்ணாடி போட்டிருந்தாரு. வேற தெரியல."

"காரைக்கால்ல பாதிப் பேரு கண்ணாடிதான்," என்றான் கபீர்.

"என்ன பேசினாரு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கருப்பையன் யோசித்தார். "காய்ச்சலைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும், ராத்திரி எங்க அடையும், இதைத்தான் கேட்டாரு. வாத்தை வாத்துன்னே சொல்லல. யூனிட்டுன்னாரு. அப்புறம் குளத்தைப் பத்தி ஒரு கூத்து பண்ணாரு."

"என்ன கூத்து?"

"இங்க பக்கத்துப் பக்கத்துல மூணு குளம் இருக்குல்ல? வாத்து தன் பாட்டுக்கு ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்குப் போவும். அது தப்புங்கிறாரு. எந்தக் குளத்துலேந்து எந்தக் குளத்துக்குப் போனாலும் நடுக்குளத்தைத் தொட்டுட்டுத்தான் போவணுமாம். குறுக்கு வழியே கூடாதாம். ஒரு வாத்து குறுக்கால போனதுக்கு அதைத் திட்டினாரும்மா!"

வெண்மதியும் கபீரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டாக்டருக்கு ஏதாச்சும் கேடயம் கொடுத்திருப்பாங்களா அக்கா?" என்றான் கபீர் மெதுவாக.

"ஒரு வாத்தை மட்டும் கடன் கொடுங்க. பத்திரமா கொண்டாந்து விட்டுடுறோம்," என்றாள் வெண்மதி கருப்பையனிடம்.

அவர் தயங்கித் தயங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் வைத்தார். "அஞ்சுகம்னு பேரு. அதட்டாதீங்க, கோவிச்சிக்கும்."

"அஞ்சுகம்னா கிளியாச்சே?"

"அதுக்கு அது தெரியாதுங்க."

ஸ்கூட்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில் தமிழரசியே போன் போட்டாள். கபீர் ஒரு கையில் கூடையையும் மறுகையில் போனையும் பிடித்திருந்தான்.

"அண்ணே! ஒரு கன்டெய்னர் மட்டும் தனியா பிரிஞ்சு மெயின் ரோட்டுல ஏறிட்டு! நாப்பது கிலோமீட்டர் வேகத்துல வருதுண்ணே! சிங்கப்பூர் சார் வந்துட்டாரு, அவரும் பாத்துக்கிட்டிருக்காரு. குணசேகரன் சாருக்கு வேர்த்துக் கொட்டுது."

"எதையும் சொல்லாதே. பாத்துக்கிட்டே இரு."

"பஸ் ஸ்டாண்டைத் தாண்டிட்டு... ஐயோ, டீக்கடையில நின்னுட்டு!"

வெண்மதி டீக்கடையிலிருந்துதான் ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். கோர்ட்டுக்குக் கிளம்ப அங்கே திரும்பியிருந்த இன்ஸ்பெக்டரிடம், அருள்ராஜை அழைத்துக்கொண்டு நேரே கம்பெனிக்கு வரும்படி கெஞ்சாத குறையாகப் பேசினாள். அதற்குள் கபீர் ஒரு டீயை முடித்தான். அஞ்சுகம் ஒரு பன்னை முடித்தது.

"கிளம்பிட்டு... நாகூர் ரோட்டுல திரும்பிட்டு... கேட்டுக்குள்ள வந்துட்டுண்ணே! நம்ம யார்டுக்குள்ள வந்துட்டு!"

அவர்கள் மாடிப்படி ஏறும்போது மேலிருந்து ஒரு கனத்த குரல் கேட்டது. "எங்கம்மா லாரி? ஜன்னல்ல ஒண்ணையும் காணோமே?"

"தெரியல சார், திரையில நம்ம அறைக்குள்ளேயே வந்துட்ட மாதிரி காட்டுது!"

கபீர் கதவைத் தள்ளித் திறந்தான். கூடையின் மூடியை எடுத்தான். அஞ்சுகம் வெளியே குதித்து, இறக்கையை உதறி, முதுகிலிருந்த கறுப்புப் பெட்டியுடன் உலக வரைபடத்தை நோக்கிச் சாவகாசமாக நடந்தது.

"உங்க சட்டை வந்துட்டு சார்," என்றான். "எங்க இறக்கணும்?"

வெள்ளைச் சட்டையில் உயரமாக நின்ற காதர் பாட்சா வாத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் குணசேகரனைப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

குணசேகரன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை.

"டாக்டர் வேஷத்துல போய் வாத்து முதுகுல மிஷினைக் கட்டினது இவருதான் சார்," என்றாள் வெண்மதி. "ஆளை மறைச்சாரு, டிசைனை மறைக்க முடியல."

"அப்ப பதினேழு பெட்டியையும் இவன்தான் திருடினானா?"

"அதுதான் இல்ல சார். பெட்டியை யாருமே திருடல." வெண்மதி சுவரைக் காட்டினாள். "குணசேகரன் சார், ஒரு உதவி பண்ணுங்க. காரைக்கால்லேந்து கிளம்புற பெட்டி எந்த வழியா ஐரோப்பா போகுதுன்னு சிவப்பு நூல் மேல விரலை வெச்சுக் காட்டுங்க."

குணசேகரன் அசையவில்லை. காதர் பாட்சா தன் விரலையே வைத்தார். காரைக்காலிலிருந்து மெட்ராஸ். மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர். அங்கிருந்து கொழும்பு. கொழும்பிலிருந்து தூத்துக்குடி. தூத்துக்குடியிலிருந்து நூல் பிடித்து வந்த விரல் ஒரு ஊசியில் முட்டி நின்றது. காரைக்கால்.

அவர் மறுபடி ஒரு சுற்று போனார், இந்தத் தடவை வேகமாக. மறுபடியும் காரைக்கால்.

"ஐரோப்பா எங்க? ஹாம்பர்க் துறைமுகம் எங்க?" என்றார்.

ஹாம்பர்க்கில் ஊசி இருந்தது. நூல் இல்லை.

"ஒவ்வொரு மையமும் பக்கத்துல எது மலிவோ அங்க அனுப்பணும்னு விதி போட்டேன் சார்," என்றார் குணசேகரன், தரையைப் பார்த்தபடி. "ஹாம்பர்க் எந்த இடத்துலேந்தும் மலிவா வரல."

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா ஒரு பெட்டிகூட லேட்டா கிளம்பல சார்."

"ஒவ்வொரு தடவையும் நான் புது நம்பர் போட்டுத்தானே அனுப்புறேன்..." தமிழரசி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்மதி மீதியைச் சொன்னாள். தலைமையகம் கறுப்புப் பெட்டிகளை அனுப்பி, கன்டெய்னர்களில் மாட்டச் சொன்னது. மாட்டினால் சரக்கு சுற்றிச் சுற்றி வரும் வட்டம் திரையில் தெரிந்துவிடும். அதனால் குணசேகரன் அவற்றை வாத்தில் மாட்டினார். காதர் பாட்சா நேரில் வருகிறார் என்றதும் கன்டெய்னர்கள் திருட்டுப் போனதாகக் கதை கட்டினார். பழிபோட ஆள் கைவசம் இருந்தார். ஆயுத பூஜையன்று தன் லாரியிலிருந்த பெட்டிக்கு அருள்ராஜ் சிவப்புப் பெயின்டில் பொட்டு வைத்திருந்தார். அதே பொட்டு தீபாவளிக்குத் திரும்பி வந்தது, பொங்கலுக்கும் வந்தது. "சார், அதே பெட்டி" என்று அவர் போய்ச் சொன்ன ஒரே ஆள் குணசேகரன்.

"பொட்டு விஷயம் உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" குணசேகரன் திணறினார்.

"இப்பத்தான், டீக்கடையிலேந்து, போன்ல அருள்ராஜையே கேட்டேன். இதுவரைக்கும் அவரை யாரும் எப்படித் திரும்பி வரும்னு கேக்கவே இல்ல."

"நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு நான் நினைக்கல. மாப்பிள்ளை தேடுற ஆபீஸ்னுதான் உங்ககிட்ட கொடுத்தேன்."

"நாங்களும் நினைக்கல சார்," என்றான் கபீர்.

அப்போது கீழே பிரேக் கிறீச்சிட்டது. ஒன்றன் பின் ஒன்றாகப் பதினேழு லாரிகள் கேட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தன. தமிழரசி ஜன்னலுக்கு ஓடினாள். "தூத்துக்குடி லோடு சார்! கரெக்டா வந்துட்டு!"

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். மெட்ராஸ் போக வேண்டிய பதினேழு லாரிகள் எதிர்ப்பக்கம் எஞ்சினை ஓட்டியபடி தயாராக நின்றன. கிரேன் முதல் பெட்டியைக் கொக்கியில் மாட்டிவிட்டது. காதர் பாட்சா கையை விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்றார்.

"நிறுத்துங்க! எல்லாத்தையும் நிறுத்துங்க!"

"ஒதுங்குங்க பெரியவரே, நேரம் ஆவுது," என்றார் யார்டு மேஸ்திரி. "குணசேகரன் சார் சொன்னாத்தான் நிக்கும்."

இன்ஸ்பெக்டர் தங்கப்பனின் ஜீப் வந்து நின்றது. அருள்ராஜ் இறங்கி யாரிடமும் பேசாமல் நேரே மூன்றாவது லாரிக்குப் போனார். கதவின் மூலையில் ரூபாய் நாணயம் அளவு சிவப்புப் பொட்டு, வெயிலிலும் உப்பிலும் வெளுத்துப்போய் இருந்தது. அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். இன்ஸ்பெக்டர் பொட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "சரி சரி, நீ வூட்டுக்குப் போவலாம். ஜீப்புலேயே விடச் சொல்றேன்."

எல்லார் கண்ணும் குணசேகரன் மேல் திரும்பியது. கிரேன் பெட்டியைத் தரையிலிருந்து தூக்க ஆரம்பித்திருந்தது.

"சொல்லுங்க சார்," என்றாள் வெண்மதி.

"இன்னைக்கு நிறுத்தினா கணக்குல லேட்டுன்னு விழுந்துடும் மேடம்," என்றார் அவர். கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "முதல் தடவையா."

"அருள்ராஜ் மூணு நாளா கம்பிக்குள்ள இருந்தாரு. அதை எதுல சேக்கிறது?"

குணசேகரன் அருள்ராஜின் முதுகைப் பார்த்தார். பிறகு எஞ்சின் இரைச்சலில் பாதிதான் கேட்ட குரலில், "நிறுத்துங்க," என்றார். அதுவே போதுமாக இருந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நாகூர் சாலையில் போகும் சைக்கிள் மணிகூடக் கேட்கும் அளவுக்கு யார்டு அடங்கியது. இன்ஸ்பெக்டர் கண்காட்ட, ஒரு கான்ஸ்டபிள் வந்து குணசேகரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

காதர் பாட்சா பொட்டு வைத்த பெட்டியின் முத்திரையை உடைக்கச் சொன்னார். கதவு திறந்ததும் புதுத்துணி வாசனை குப்பென்று வந்தது. அடுக்கடுக்காகச் சட்டைகள். அவர் ஒன்றை உருவி அருள்ராஜின் தோளில் வைத்து அளவு பார்த்தார். "முதல் சட்டை உங்களுக்குத்தான் தம்பி. போட்டுக்குங்க."

அருள்ராஜ் போட்டுக்கொண்டார். கச்சிதமாக இருந்தது. கையை முன்னால் கொண்டுவந்து தடவினார், மேலிருந்து கீழ்வரை தடவினார். பிறகு குழப்பத்துடன் நிமிர்ந்தார்.

"இதுல பட்டனே இல்லீங்களே?"

காதர் பாட்சா இன்னொன்றை உருவினார். அதிலும் இல்லை. கபீர் பெட்டிக்குள் ஏறிப் பத்துப் பதினைந்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தான். "ஓட்டை எல்லாம் இருக்கு. பட்டன்தான் இல்ல."

மறுபடியும் எல்லாரும் குணசேகரனைப் பார்த்தார்கள். கான்ஸ்டபிள் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளாமலே அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"பட்டனுக்கு," என்றார், "தனியா வேற ஒரு வட்டம் போட்டிருக்கேன் சார்."